அக்கரை என்று பெயருள்ள ஊர்

பதினொரு வருஷமாய்
பாத்திரம் கழுவும் ஜன்னலில் இருக்கிறது அந்தத் தீவு,
படுத்துக் கிடக்கும் கழுதையின் முதுகுபோல.
படகில் இருபத்தைந்து நிமிடம்.
சனிக்கிழமை ரொட்டிக்கடை வரிசை
சில வாரம் அதைவிட நீளம்.

பக்கத்தில்தானே, போகலாம் என்றோம்.
பக்கத்தில் இருந்ததாலேயே போகவில்லை.
லிஸ்பனுக்குப் போனோம்.
யெர்கோவின் தங்கை கல்யாணத்துக்கு
இரண்டு விமானம் மாறி வின்னிபெக் போனோம்,
அங்கே ஒருவர் கேட்டார்:
"உங்கள் ஊருக்கு எதிரே தீவுகள் உண்டாமே, அழகா?"
"ரொம்ப" என்றேன், கேக்கைப் பார்த்தபடி.

இந்த ஜூனில் குளியலறைத் தரையைப் பெயர்த்தோம்.
சிமெண்ட் காய இரண்டு ராத்திரி
காலே வைக்கக்கூடாது என்றான் கொத்தனார்.
அப்படித்தான் கிளம்பினோம்:
நீச்சலுடை, பல்துலக்கி, அரைக்கிலோ செர்ரி.

படகின் இரும்புத் தகடு
ஒவ்வொரு காருக்கும் இரண்டுமுறை அதிர்ந்தது.
தீவுக்காரர்கள் யாரும் கடலைப் பார்க்கவில்லை.
ஒருத்தி புதுச் சலவை இயந்திரத்தின் அட்டைப்பெட்டியில்
கன்னம் வைத்துத் தூங்கினாள்.
நாங்கள்தான் மேல்தளத்தில்
முடி கலையப் படமெடுத்துக்கொண்டோம்,
வெளிநாட்டார்போல.

இறங்கிய துறைக்கு ப்ரேகோ என்று பெயர்.
எங்கள் பேச்சில் அக்கரை என்று அர்த்தம்.
தனக்கொரு பெயர் தேடாமல்
எதிரே இருப்பவர்கள் சுட்டிச் சொன்னதையே
வைத்துக்கொண்ட ஊர்.

அறை கொடுத்த நெவென்கா
அடையாள அட்டையை எட்டப் பிடித்துப் படித்தாள்.
"எங்கிருந்து?"
யெர்கோ கை நீட்டினான்,
அவளுடைய தக்காளிச் செடிகளுக்கு மேலாக,
தண்ணீருக்கு மேலாக.
"அதோ. தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம். மூன்றாம் மாடி."
அவள் சிரிக்கவில்லை.
"சுற்றுலா வரி உண்டு.
ஆளுக்கு, ராத்திரிக்கு."

மாலையில் குளித்தோம்.
கடலோரம் பிறந்து வளர்ந்தவன்
முதல் ஐந்து நிமிடத்தில்
கடல்முள்ளியை மிதித்தான்.
ஆலிவ் எண்ணெயும் புருவச் சாமணமும் கொண்டு
நெவென்கா ஏழு முள் எடுத்தாள்.
எட்டாவது அவனோடு இருக்கட்டும் என்றாள்.

அவள் கதவருகே ஆணியில் ஒரு தொலைநோக்கி.
படகு வருகிறதா பார்ப்பாளாம்,
பிறகு மற்றதையும்.
"அந்தக் கட்டிடமா?
மூன்றாம் மாடியில் விடியற்காலை நாலுக்கு
விளக்கு எரியுமே."
"நான்தான். மருத்துவமனை, காலை முறை" என்றேன்.
உடை மாற்றும்போது
யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது.

வாங்கிப் பார்த்தேன்.
இங்கிருந்து எங்கள் கரையில் பச்சையே இல்லை.
கிரேன். மணிக்கூண்டு. சாம்பல் கட்டிடங்கள்.
பிறகு ஒரு மஞ்சள் புள்ளி,
துடித்துக்கொண்டு.

படுக்கை விரிப்பு!
கொடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
தெற்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.
பக்கத்து வீட்டு ஸ்தோஷியாவுக்குப் போன் செய்தேன்.
"எங்கே இருக்கிறாய்?"
"எதிரே."
"எதிரே எங்கே?"
"உங்கள் எதிரே. கடலுக்கு இந்தப் பக்கம்."
"என்னைத் தெரிகிறதா?" என்றாள்.
தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.
அவள் தலை வாரியிருக்கவில்லையாம், வருத்தப்பட்டாள்.
மஞ்சள் மட்டும் சுருங்கிச் சுருங்கி
சுவருக்குள் போயிற்று.

மறுநாள் ஒன்றும் செய்யவில்லை.
மத்தி சுட்டுத் தின்றோம்.
யெர்கோ நொண்டி நொண்டிக் கோட்டைவரை ஏற நினைத்து
பாதியில் அத்திமரம் கண்டு உட்கார்ந்தான்.
எங்கள் வீட்டைப் பற்றியே பேசினோம்,
தூரத்து உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல.

திரும்பியபோது வாசலில் விரிப்பு,
நான் மடிப்பதைவிட நேர்த்தியாக மடித்து.
தரை காய்ந்திருந்தது,
ஒரு ஓடு மட்டும் ஆடியது.

என் செருப்பு
நெவென்காவின் படிக்கட்டில் நின்றுவிட்டது.
பக்கத்தில்தானே,
அடுத்த படகில் போய் எடுத்துவரலாம் என்றோம்.

மூன்று வாரம் ஆகிறது.