பதினேழாவது கேள்வி

மருந்துக்கு இன்னும் பெயரில்லை,
ஓர் எண் மட்டும்.
எலிகள் சில அதனால்
கூடுதல் நாள் நடந்தனவாம்.
கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய படிவத்தை
விசுவமடுச் சந்தியில்
முப்பது ரூபாய்க்கு அச்செடுத்தேன்.

நேசரூபனின் வலக்கை போன மாரியில் நின்றது.
நாக்கு, இந்தச் சித்திரையில்.
கேள்விகளை வாசிக்கிறேன்;
ஆமெனில் ஒருதரம் கண் மூடுவான்.

பதினேழாவது:
உடம்புக்குள் உலோகம் உண்டா?

முள்ளந்தண்டருகே ஒரு சன்னம்.
இரணைப்பாலையில் ஏறினது.
'இருக்கட்டும், ஒண்டும் செய்யாது' எண்டு
தைத்துவிட்டார்கள்.
பதினைந்து வருசம் ஒன்றும் செய்யவில்லைதான்.
காந்தப் படமெடுக்கும் குழாய்க்குள்
அது அசையுமாம்.
படமில்லாதவருக்கு மருந்தில்லை.

"இல்லை எண்டு எழுதட்டோ?"

கனநேரம் என்னையே பார்த்தான்.
கூரைத்தகரத்தில் புளியம்பழம் ஒன்று விழுந்தது.
பிறகு மூடினான்.

பதிலா, நித்திரையா,
பேனையோடு இருக்கிறேன்.