டபிள்யூ என்றால் மாரி

பரந்தன் சந்தி. ஆவணி. சோளகம் கிளப்பிய புழுதி
கடைக்குள் வந்து ஒயில் கலன்களின் மேல்
ஒரு விரல் தடிப்பில் படுத்திருக்கிறது.

மஞ்சள் கார். இரண்டே இரண்டு இருக்கை.
வேகத்தடையை நேராகக் கடக்கத் தெரியாமல்
கோணலாக, நண்டு மாதிரி, ஏறி இறங்கி
என் வாசலில் நின்றது.
நிரூஜன் இறங்கினான்.
இறங்கினான் என்பதைவிட எழும்பினான்.

"அக்கா, இருக்கிறதுக்குள்ள தடிப்பான ஒயில் தாங்கோ.
இந்த வெக்கைக்கு மெல்லிசு நிக்காதாம்.
லொறி தவநேசன் இருபது-ஐம்பது எண்டான்.
கொழும்பில ஒருத்தன் சைபர்-நாப்பதாம்,
ரேசுக்கு அதுதானாம்."

இருக்கைகளுக்குப் பின்னால், முதுகோடு முதுகாக
எஞ்சின். அளவுகோலை உருவினேன்.
நுனியில் மட்டும் ஒரு சொட்டு, கறுப்பாக.
விரலிடுக்கில் தேய்த்து மணந்தேன்:
பெற்றோல் கொஞ்சம், கருகல் கொஞ்சம்,
கவனியாமல் விட்ட ஒரு வருசம்.

ஐந்து டபிள்யூ முப்பது.
மூடியிலேயே எழுதியிருக்கிறதே, வாசிக்கவில்லையா?
"டபிள்யூ எண்டால்?"
மாரி, என்றேன். தண்ணீர் உறைகிற நாட்டு மாரி.
"வன்னியில எங்கயக்கா அது?"

எஞ்சினுக்கு நாடு தெரியாது.
ஓடும்போது தொண்ணூறு பாகையில் வாழ்கிற சாமான்.
இரவு முழுக்கக் கிடந்து எழும்பினால்
எங்கள் வைகாசி விடியலும்
அதற்கு மார்கழிதான்.
சாவி திருப்பிய முதல் மூன்று நொடிக்குள்
மேலே ஏறி வராத ஒயில்
எவ்வளவு தடிப்பாக இருந்தென்ன,
பிந்தி வந்த அம்புலன்ஸ்.

அவன் நம்பவில்லை.
உடைந்த கண்ணாடியொன்றை வெயிலில் சாய்த்து
மூன்று சொட்டு வைத்தேன். குந்தியிருந்து பார்த்தோம்.
முப்பது ஓடி இறங்கிவிட்டது.
ஐம்பது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
"அப்ப முப்பது வெண்டுட்டுது?"
வென்றதைப் பார்க்காதே. ஓடிப்போன பிறகும்
கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கிற படலத்தைப் பார்.
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில்
நிற்கப்போவது அது.

எங்கே ஓட்டுகிறாய், என்று கேட்டேன்.
மாங்குளம் வரைக்கும், விடியப்புறம் ஐந்து மணிக்கு.
ஒருமுறை நூற்றிநாற்பது தொட்டானாம்.
முறிகண்டி தாண்டி, சூடு ஆறாத தாரில்
படுத்திருந்த மாடுகள் எழும்பவேயில்லையாம்.
அப்படியென்றால் பிரேக் ஒயிலையும் மாற்று.

விலை சொன்னேன். பிடரியைச் சொறிந்தான்.
"ரெண்டு தவணையாத் தரட்டே அக்கா?"

நான் சிரித்திருக்க வேண்டும்.
லீசிங் கொம்பனிப் பெடியன் இவன்.
போன மாசியில், ஒன்றரைத் தவணை பிந்தியதற்கு,
வெட்டிய நெல் வயலில் கிடக்க
கமலேஸ்வரியின் லான்ட்மாஸ்ரரை
ஏற்றிக்கொண்டு போனவன்.
பரலில் கிடக்கிற உழவு மெசின் ஒயிலை
ஊற்றிவிட்டிருக்கலாம். நன்றி சொல்லிப் போயிருப்பான்.
தடிப்புத்தானே கேட்டாய் என்று
பிறகு நானும் சொல்லியிருக்கலாம்.

எஞ்சின் என்ன பிழை செய்தது?

தடைக் காலத்தில், ஒரு மோட்டார் சைக்கிளுக்குள்
தேங்காயெண்ணெய் ஊற்றியவள் நான்.
நாலு பேர் அதில்.
போகவேண்டிய தூரம் போய்த்தான் செத்தது.
எண்ணெய் என்றால் அன்றைக்குக் கிடைத்தது எதுவோ அது.
இன்றைக்கு என் தட்டில் பதினொரு வகை.
தெரிந்துகொண்டே பிழையானதை எடுக்க
கை போகவில்லை.

பழையது கடைசிச் சொட்டும் வடியும்மட்டும் இருந்தோம்.
பில்ரர் புதிது. மூன்று லீற்றர் எழுநூறு,
அதற்கு மேல் ஒரு மூடிகூட இல்லை.
கொப்பியில் எழுதினேன்:
நிரூஜன். பாதி பாக்கி. வட்டி இல்லை.
அவன் தலைகீழாக நின்று அதை வாசித்தான்,
பிறகு கொப்பியைத் தன் பக்கம் திருப்பி
இன்னொருதரம் வாசித்தான்.

கலனில் மிச்சம் முந்நூறு. பெயர் எழுதித் தட்டில் வைத்தேன்.
இந்த எஞ்சின் ஒயில் குடிக்கிற சாதி,
ஆயிரம் கிலோமீற்றருக்குள் வருவான்.

சாவியைத் திருப்பினான்.
டிக், டிக், டிக் என்று மேலே ஏதோ தட்டியது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
மூன்றுக்குள் நின்றது.
வேகத்தடையில் மறுபடியும் நண்டு.