வாசமில்லாதது

கோதண்டத்தின் வண்டி மூன்றாம் முறையாக வந்து நிற்கிறது.
"இன்னாக்கா, கேஸ் நிக்கவே மாட்டுது.
இருபது நாளு சில்லுனு வருது,
அப்பால வெறும் காத்து.
ஏர்போர்ட் சவாரி ஏறினவன்
பாரிஸ் தாண்டறதுக்குள்ள
ஒத்த ஸ்டார் குத்திட்டான்."

நீலக் குழாயை மாட்டினேன்.
முள் முப்பது வரை எழுந்து
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

கேஸ் அடித்து அனுப்ப அரை மணி நேரம் போதும்.
தண்டையார்பேட்டையில் இந்த ஒரு தெருவிலேயே
நாலு பேர் அதைத்தான் செய்கிறார்கள்,
வண்டி திரும்பத் திரும்ப வரும், கல்லா நிறையும்.
நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

கசிவு எங்களுக்குப் புதிதில்லை.
ராத்திரி காற்று திரும்பினால்
தூக்கத்தில் புரளும் பிள்ளைகூடச் சொல்லும்,
இது மணலி, இது குப்பைமேட்டுப் புகை,
இது கருவாடு, இது கால்வாய்.
எந்த ஜன்னலை எப்போது சாத்துவது என்று
மூக்கு முடிவு செய்யும்.
இதற்கு மட்டும் மூக்கு உதவாது.
நிறமில்லை, வாசமில்லை,
போன பிறகுதான் போனது தெரியும்.

நைட்ரஜன் ஏற்றினேன், நூற்றைம்பது.
பாத்திர சோப்பைக் கரைத்து
பழைய ஷேவிங் பிரஷ்ஷால் கண்டென்சர் முழுக்கப் பூசினேன்.
காசிமேட்டு உப்பு தின்ற தகடுகள்,
விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன.
இதுதான், இதேதான் என்றிருந்தேன்.
ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.
பைப் மூட்டுகள், ஓ-ரிங், கம்ப்ரஸர் வாய்.
ஊசி வால்வில் ஒன்று மெதுவாக உப்பியது.
"அதோ! அதோக்கா!"
பிரஷ் அடித்த நுரைதான்.
தானாக உடைந்தது.

நைட்ரஜனை இறக்கி, வாக்குவம் இழுத்து,
கொஞ்சமே கொஞ்சம் கேஸ் விட்டு
மோப்பக் கருவியை எடுத்தேன்.
இன்னும் ஐந்து தவணை பாக்கி இருக்கிற கருவி.
டாஷ்போர்டுப் பக்கம் கொண்டுபோகும் முன்பே
வீல் என்று கத்தியது.
பானெட்டில் கத்தியது, டிக்கியில் கத்தியது,
டீ வாங்க லூர்து ஷட்டரைத் தூக்கியபோது
தெருவையே பார்த்துக் கத்தியது.
கோதண்டம் சிரித்தான்.
"எங்க ஏரியாவுக்கே ஓட்டைன்றா."
ஷட்டரை முழுக்க மூடி
ஃபேனை நிறுத்தி
பூச்சியத்தில் வைத்து மறுபடி ஆரம்பித்தேன்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகிறபோதெல்லாம்
ஸ்பேனர்கள் தட்டில் நடுங்கின.

வியர்வை கண்ணில் விழ, வண்டிக்கு அடியில் படுத்தேன்.
தண்ணீர் சொட்டும் ரப்பர் குழாய்.
கருவி முதலில் தயங்கியது,
பிறகு நிறுத்தாமல் அடித்தது.
போன முறை கேஸோடு சாயம் விட்டிருந்தேன்.
ஊதா டார்ச்சைப் பிடித்தேன்.
குழாயின் உதட்டில்
ஒரு சொட்டு,
பரீட்சைக்குக் கோடு போடுகிற பேனாவின் பச்சையில்.

அவனும் பக்கத்தில் வந்து படுத்தான்,
யூனிஃபார்ம் சட்டையோடு, ஆயில் கறைமேல்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"இவ்ளோண்டா?"
விரலில் தொட்டு மோந்தான்.
"வாசமே இல்லக்கா."

உள்ளே கூலிங் காயில் எங்கேயோ ஊசி முனை அளவு.
அதைத் தொட
ஸ்டியரிங், மீட்டர், பிள்ளையார், எல்லாம் இறக்க வேண்டும்.
ரெண்டு நாள். ஒன்பதாயிரம்.
ரெண்டு நாள் சவாரி போனால் என்ன ஆகுமென்று
அவன் வாய்க்குள் கணக்குப் போடுவது கேட்டது.
"இன்னிக்கு மட்டும் கேஸ் அடிச்சி வுடேன்.
பத்தாம் தேதி டியூ கட்டிட்டு வந்துர்றேன்."

ஓட்டை தெரியாத வரைக்கும் அடித்தேன்.
இப்போது டார்ச் என் கையில் இருக்கிறது.
"முடியாதுப்பா," என்றேன்.
சத்தமாகச் சொல்லவில்லை.

மே மாதத்து மதியம்.
நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு
வைத்தியநாதன் பாலம் பக்கம் திரும்பிப் போனான்.
வருவானா, அடுத்த கடைக்குப் போவானா, தெரியாது.

அணைக்க மறந்த கருவி மேசைமேல்
எதற்கோ டிக், டிக் என்றது.
டீயோடு வந்த லூர்து
மூக்கை ஒருமுறை உறிஞ்சி
"மணலி," என்றான்,
கிளாஸை மூடியே நீட்டினான்.