ஐந்நூறு கிராமில் எட்டு

வெள்ளைத் தட்டில் பரப்பி
இடுக்கி முனையால் விலக்குகிறேன்.
மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது;
காற்றுப் பட்டால் முதலில் ஓடுவது களைவிதைதான்.
சம்மாந்துறை வெயில் ஓட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.
கலந்தர்லெவ்வையின் விதைநெல், சாக்கு பதினேழு,
மல்வத்தைப் பக்கத்துக் காணி.

கோழிச்சூடன் ஐந்து.
களைநெல் மூன்று, செம்பழுப்பு, நீண்ட மீசையோடு.

அவர் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கிறார்,
சாரன் விளிம்பில் சேறு காய்ந்து.
“எட்டுத்தானே மிஸ்.”
எட்டுத்தான்.
ஒரு கோழிச்சூடன் எத்தனை ஆயிரம் கொட்டும் என்று
எனக்குப் புத்தகத்திலும்
அவருக்கு முதுகிலும் எழுதியிருக்கிறது.

“என்ட வட்டைக்குள்ள இந்தச் சாமான் இல்ல.
பொலநறுவையில வெட்டின சுனாமி மெசின்
வயிறு கழுவாம வந்து இறங்கிச்சி.”
இருக்கலாம்.
பொலநறுவைக்காரர் வேறொரு மெசினைச் சொல்வார்.
அந்த மெசின்காரன் இன்னொரு ஊரை.
இப்படியே பின்னால் பின்னால் போனால்
மெசின் வண்டிலாகும், வண்டில் எருமையாகும்,
எருமை முதுகில் பொதி,
பொதிக்கு முன்னால் தலைச்சுமை,
அதற்கும் முன்னால்
ஆற்றோரமாய் ஒருத்தி நடக்கிறாள்
இடுப்பில் நார்ப்பெட்டியோடு.
பெட்டிக்குள் விதை. விதைக்குள் எட்டு.
அவளிடம் இடுக்கி இல்லை.
படிவமும் இல்லை.

அவளுக்கு முன்பும் அந்தப் புல் இருந்தது,
எங்கோ, கொஞ்சமாய்.
யானை புரண்டெழுந்த சேற்றில்,
ஆறு கரையைக் கடித்துத் துப்பிய மணலில்
ஒரு மழைக்கு முளைத்து, காடு மூடியதும் அடங்கி,
அடுத்த யானைக்காகக் காத்துக் கிடந்தது.
பிறகு மண்வெட்டி வந்தது:
தவணை தப்பாத யானை.
ஆண்டுக்கு இருமுறை, சொன்ன நாளில்
வானம் திறந்து, மண் புரட்டி, தண்ணீர் கட்டி வைத்தால்
எந்தப் புல்தான் வராது?

வந்ததைப் பிடுங்கினோம்.
குனிந்த பெண்களின் விரல்
வேறு முகம் தெரிந்ததை வேரோடு எடுத்தது.
நெல்லைப்போல் நின்றது தப்பியது;
தப்பியது விதைத்தது.
போகம் போகமாய் இதையே செய்து
கோழிச்சூடனுக்கு நெல்லின் முகத்தைச்
செதுக்கிக் கொடுத்தவர்கள் நாங்களே.

ஒன்றை மட்டும் அது படிக்கவில்லை.
இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில்
நெல்லுக்கு ஒரு சின்ன நாக்கு உண்டு.
இதற்கு இல்லை.
புதிதாய் வரும் உத்தியோகத்தருக்கு
வில்லைக் கண்ணாடி கொடுத்து இதைக் காட்டும்போது
என் குரல் கொஞ்சம் தடுக்கும்.
நாக்கை வைத்து ஆள் பிரித்த காலமொன்றில்
இதே பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி
வரிசையில் நின்றிருக்கிறேன்.

தகுதியற்றது என்று எழுதுகிறேன்.
கலந்தர்லெவ்வை கோபிக்கவில்லை.
“சரி. அவிச்சிக் குத்தித் திம்பம்.”
“எட்டையும் சேர்த்தா?”
“பசி எண்ணிப் பார்க்குமா மிஸ்?”
சாக்கை மோட்டார் சைக்கிளில் கட்டுகிறார்.

நார்ப்பெட்டிக்காரியும் சேர்த்தே அவித்திருப்பாள்.
எது பயிர், எது களை என்று
அவளுக்கு யாரும் பட்டியல் தரவில்லை.
பட்டியலை எழுதியதே
அவளுடைய பானையாக இருக்கலாம்.

உறையில் போட்டு முத்திரை வைக்க
மறுபடி எண்ணுகிறேன்.
ஏழு.
தட்டைத் தூக்கினேன். பதிவேட்டை உதறினேன்.
சேலை மடிப்பு, செருப்பு, மேசைக்கு அடி.
ஜன்னல் திறந்துதான் இருக்கிறது;
நேற்றைய மழையில் வெளியே மண் இன்னும் கறுப்பு.

படிவத்தில் எட்டு.
அதை நான் மாற்றப்போவதில்லை.