பின்கியர்

சாவித் துளை ஸ்டியரிங் பக்கம் இல்லை.
இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, தரையோரம்.
சாப் 900, எண்பத்தொன்பதாம் வருஷத்து மாடல்.
வாங்க வந்த ஓஸ்டென்
ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.
நான் வாய் திறக்கவில்லை.
தேடட்டும்.

ஹார்னோசாண்டில் நவம்பர் பிறந்தால்
லாரிகள் சாலையெங்கும் உப்பைத் தூவிப்போகும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது தகரம்:
முதலில் ஒரு கொப்புளம்,
அடுத்த குளிரில் விரல் நுழையும் ஓட்டை.
எங்கள் தெருவில் எத்தனையோ வண்டிகள்
அப்படித்தான் போயின.

நான் விடவில்லை.
அக்டோபர் கடைசி ஞாயிறு
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
வண்டிக்கடியில் மல்லாந்து கிடப்பேன்.
கதவுகளின் வயிற்றுக்குள் மெழுகெண்ணெய்,
வடிதுளைகளுக்குப் பின்னல் ஊசி.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே,
எனக்கு நிஜமாகவே சொட்டியது,
விளக்கெண்ணெய் அல்ல, அவ்வளவுதான்.

மைனஸ் இருபத்தைந்து இரவுகளில்
சுவரிலிருந்து ஒரு கம்பி இழுத்து
விடிய விடிய இன்ஜினுக்குக் கணப்பு.
எனக்கு இந்தக் கவனிப்பு இல்லை என்று
சீவர்ட் ஒருமுறை சொன்னான், சிரித்துக்கொண்டே.
சிரிப்பு மட்டும்தான் என் காதில் விழுந்தது.

நோட்டுப்புத்தகம் நான்கு.
பெட்ரோல் லிட்டர் லிட்டராக,
பிரேக் பேட், தெர்மோஸ்டாட், இரண்டு கியர்பாக்ஸ்.
2003 மார்ச் 9:
சீவர்ட் உமியோவுக்குப் போய்விட்டான்.
வைப்பர் இரண்டும் மாற்றம்.

விற்கச் சொன்னது என் இடது முழங்கால்.
கிளட்ச் மிதிக்கும் கால்.

ஓஸ்டென் பையிலிருந்து
கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்தார்.
கதவு, டக். மட்கார்டு, டக்.
மருந்துக்குக்கூடத் துரு கிடையாது என்றேன்.
இடது பின்சக்கரத்து வளைவில்
காந்தம் நழுவி விழுந்தது.
மறுபடி வைத்தார்.
மறுபடி.
உள்ளங்கை அகலத்துக்கு
பெயின்டுக்குக் கீழே தகரம் இல்லை, பட்டி.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் நோட்டைப் புரட்டினேன்.
நான்கிலும் இல்லை.

நாலாயிரம் குரோனர் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
ரெண்டு போதுமே என்றார்.
தலைகீழாகப் பேரம் நடந்து
மூவாயிரத்தில் படிந்தது.
காப்பி குடித்தோம்.
ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவருக்குச்
சாவியை உருவ வரவில்லை.
பின்கியரில் போடுங்கள் என்றேன்,
அப்போதுதான் விடும்.
நோட்டுகளையும் கேட்டார், கொடுத்தேன்,
மார்ச் 2003 பக்கத்தைக் கிழித்துக்கொண்டு.
அந்த வைப்பர் கணக்கு அவருக்கெதற்கு?

அன்றிரவு, பதினோரு வருஷத்துக்குப் பிறகு
அந்த எண்ணைச் சுழற்றினேன்.
இடது பின்சக்கரம், என்றேன்.
வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

தொண்ணூற்றாறு, என்றான்.
துறைமுகத்தில் ஒரு கம்பம்.
நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம்.
மூன்று ராத்திரி தேய்த்தேன்.
பச்சையைக் கலக்கவே ஒரு நாள் ஆயிற்று.

சொல்லியிருக்கலாமே.

உன்னிடமா?

நல்ல வேலைப்பாடு, என்றேன் கடைசியில்.
ஒவ்வோர் அக்டோபரும்
அதன் பின்புறம் எண்ணெய் பூசியது நான்
என்பதைச் சொல்லவில்லை.

புது வண்டிக்குச் சாவியே இல்லை, பொத்தான்.
ஆனாலும் வலது கை
தானாகத் தரையோரம் போகிறது.
அங்கே தம்ளர் வைக்க ஒரு குழி.
ஓஸ்டென் மறந்துவிட்டுப் போன காந்தத்தை
அதில் போட்டு வைத்திருக்கிறேன்.
நேற்று சும்மா பம்பரில் வைத்துப் பார்த்தேன்.
விழுந்தது.
பிளாஸ்டிக்.
யாரும் எதையும் மறைக்கவில்லை.