முந்நூற்று அறுபது லிட்டர்

மூன்றாவது வாரமும் தொட்டிக்குள் பனிமூட்டம்.
ஒஸ்ட்ராவாவில் வெளியேயும் அதுதான் என்பதால்
வீட்டுக்கு வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை.

விலெம் மட்டும் கேட்டான்:
"சோடாவிலா மீன் வளர்க்கிறாய்?"
நுரையை மதிக்கிற ஊர் இது.
இரண்டு விரல் தடிமன் நிற்காத பீரைத்
திருப்பி அனுப்புகிறவன் அவன்.
ஸ்கிம்மரின் கோப்பையில் பழுப்பாக ஏறும் நுரையைக் காட்டி
அது இருக்கவேண்டிய இடம் அங்கே என்றேன்.
மீனின் கழிவு, தின்னாத இரை, வழவழப்பு
எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு மேலே போகும்.
அடியில், வெளியேறும் தண்ணீரோடு
ஊசிமுனையிலும் சின்னதாய் நழுவுகிறதே,
அதுதான் என் பிரச்சினை.
கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போனான்.

பகலில் என் வேலை டயாலிசிஸ் வார்டில்.
ரத்தம் திரும்பும் குழாயில் காற்று நுழைந்தால்
கருவி அலறும், கிளாம்ப் கடிக்கும்,
விரலால் குழாயைச் சுண்டிச் சுண்டி
குமிழியை மேலே ஏற்றிவிட்ட பிறகுதான்
எனக்கு மூச்சு வரும்.
பன்னிரண்டு வருஷமாகக் காற்றைப் பார்த்துப் பயந்த கண்
வீட்டில் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?

சம்ப்பில் தண்ணீர் மட்டம் அதிகமோ என்று
குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய ஓடுகளை அடியில் வைத்து
ஸ்கிம்மரை மூன்று சென்டிமீட்டர் தூக்கினேன்.
கொஞ்சம் தெளிந்தது. காலையில் மறுபடி பால்.
வெளிவாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
தடுப்புக் கண்ணாடிகளுக்கு நடுவே கறுப்பு ஸ்பாஞ்சைத் திணித்தேன்,
நான்கே நாளில் நாறியது.
வால்வை ஒரு மயிரிழை திறந்தேன்.
அரை மயிரிழை மூடினேன்.
இரவு இரண்டு மணிக்கு, டார்ச்சோடு, மண்டியிட்டு.
எதிர் பால்கனியில் புகைத்துக்கொண்டிருந்தவர்
நான் ஜெபம் செய்வதாக நினைத்திருக்கலாம்.

லுபோர் ஹ்ருஷ்கா.
செவ்வாய், வியாழன், சனி. ஏழாம் படுக்கை.
எஃகு ஆலையில் ரயில்பெட்டிகளைக் கோர்த்தவர்.
"உன் கடல் எத்தனை லிட்டர்?" என்றார்.
முந்நூற்று அறுபது.
ஊசி குத்தாத கையில் விரல் மடக்கினார்.
அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் அனுமதி,
சூப்பும் அதில் அடக்கம், ஆரஞ்சுச் சுளையும் அடக்கம்.
"ஒரு வருஷத்துக்கு வரும். கடைசி ஐந்து நாள் மட்டும் வறட்சி."
"அது உப்புத் தண்ணீர்."
"தெரியும். கணக்குத்தானே போட்டேன்."

தலையணையை நிமிர்த்திவிட்டபோது இன்னொன்றும் சொன்னார்:
"உன் கை எப்போதும் பூ மணக்கிறது."

அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன்.
நாற்பது முறை கழுவி வெடித்த தோலுக்கு
அடுக்கடுக்காய்ப் பூசும் கெமோமில் களிம்பு.
அந்தக் கைதான் ஒவ்வோர் இரவும்
முழங்கைவரை சம்ப்புக்குள்.
கெட்டுவிட்டதென்று போட்டேன்,
போட்டதால் கெட்டது,
கெட்டதால் மறுபடி போட்டேன்.

ஒருமுறை தண்ணீர் மாற்றினேன்.
பிறகு பத்து நாள் எதையும் தொடவில்லை.
தொடாமலிருப்பது எவ்வளவு வேலை என்று
நர்ஸிங் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

களிம்பா, ஓடுகளா,
அல்லது புதுக் கருவியின் பிளாஸ்டிக்
கடலுக்குப் பழகப் பிடிக்கும் நாட்கள்தானா,
தெரியாது.
விலெம் ஓடுகள் என்பான். அவை அவன் வாங்கியவை.

ஒரு புதன்கிழமை காலை, கோமாளி மீனுக்குப் பின்னால்
பின்கண்ணாடியில் ஒரு கீறல் தெரிந்தது.
வாங்கியபோதே இருந்த கீறல்.
சட்டை நுனியால் முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
எட்டாம் நம்பர் டிராம் போய்விட்டது.

மறுநாள் ஏழாம் படுக்கை:
"போச்சா?"
"போச்சு."
"அப்போ கொண்டாட அரை டம்ளர்?"
முடியாது என்று சொல்லிக்கொண்டே
எடைச் சீட்டைப் பார்த்தேன்.
செவ்வாய்க்குப் பிறகு மூன்று கிலோ நானூறு கூடுதல்.
ஏற்கெனவே கொண்டாடிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.