அறுபது பாகம்

டச்பே மைதானத்துக்குக் கார்னிவல் வந்த ஓகஸ்ட்.
கப்பல்கள் முழுசாய் ஒளிந்துகொள்ளும் துறைமுகம்
ஊருக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்க,
நாங்கள் நாலடித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம்.
ஆளுக்கு எழுபத்தைந்து சதம்.
மடியில் இருக்கிற பிள்ளைக்குக் காசில்லை.

சீமெந்துத் தொட்டி. அதற்குள்
பாதி அமிழ்ந்து கிடந்தது நீர்மூழ்கி.
பழைய எண்ணெய்த் தாங்கி ஒன்றை நெடுக்காய்க் கிடத்தி
சீனக்குடாப் பக்கத்து வெல்டிங்காரர் யாரோ
மூக்கும் வாலும் ஒட்டியிருந்தார்.
சாம்பல் நிறம். விலாவில் பெயர்: கடலரசி.
‘ர’ மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது,
எழுதும்போது ஏணி ஆடியிருக்க வேணும்.

இறங்கினால் டீசல், வியர்வை,
யாரோ மடியில் கட்டிவந்த கச்சான்.
இரண்டு பக்கமும் ஆறாறு வட்டக் கண்ணாடி.
மேலே மூடி விழுந்ததும் காது அடைத்தது.
அடைக்கவில்லை;
அடைக்கும் என்று நம்பினோம்.

கப்டன் வஸ்தியாம்பிள்ளைக்கு அன்று தடிமன்.
ஒலிபெருக்கியில் மூக்கால் பேசினார்:
“இறங்கிறம், பயணிகளே, இறங்கிறம்.
பத்துப் பாகம். இருபது பாகம்.
நெஞ்சு பலவீனமான ஆக்கள் கண்ணை மூடுங்கோ.”
தகரத்தில் கீறிய வட்டத்தில்
ஒரு முள் நடுங்கி நடுங்கி அறுபதுக்குப் போனது.
கண்ணாடிக்கு வெளியே குமிழிகள்
மேலே, மேலே, இன்னும் மேலே.
ஆகவே நாங்கள் கீழே.
அவ்வளவுதான் கணக்கு.

சைக்கிள் ரியூப்பால் ஒரு கைக்கு ஒட்டுப்போட்ட கணவாய்.
மாப்பால் ரின் மூடிகள் பொற்காசாய் மின்னும் பெட்டி.
கம்பியில் ஓடுகிற சுறா ஒன்று
பாதியில் சிக்கி, பின்னால் போய், மறுபடி வந்தது.
முபாறிஸ் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.
நகம் பதிந்தது. நான் உதறவில்லை,
எனக்கும் பிடிக்க ஏதோ தேவைப்பட்டது.

மூன்றாம் முறை
வெற்றுப் போத்தல் விற்ற காசில் போனோம்.
இடப்பக்கம், கடைசிக் கண்ணாடி.
குமிழி கொஞ்சம் விலகியபோது
ஒரு முழங்கால் தெரிந்தது.
மடித்துக் கட்டிய சாரம். புளியிலை அளவில் தழும்பு.
துளை போட்ட குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு
மேலே எங்கேயோ அந்த ஆள் காற்றடிக்கிறார்.
அறுபது பாகம் ஆழத்தில்,
அடிக்கிறதை நிறுத்தாமல்,
மற்றக் குதிக்காலால் முழங்காலைச் சொறிந்தார்.

“அது என்னடா?” என்றான் முபாறிஸ்.
“திருக்கை.”

பிறகு அந்த மைதானத்தில் வேறு வரிசைகள் நின்றன.
அவற்றுக்கு ரிக்கெற் இல்லை.
கடலரசியை யார் வெட்டினார்கள், எந்தக் கூரையானாள்,
கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் சங்கு குளித்தேன். பிறகு கடலட்டை.
பன்னிரண்டு வருசம் முதுகில் சிலிண்டர்.
பத்துப் பாகத்திலேயே காது கத்தும்;
அறுபது என்றால் அன்றைக்கு எல்லாரும் செத்திருப்போம்.
கோணேசர் மலையின் காலடியில்
வெளிச்சம் பச்சையாகி, பச்சை கறுப்பாகும் இடத்தில்
நிசமான திருக்கை ஒன்று
ஈரப் பாயை உதறியதுபோல் எழும்பிப் போனது.
வடிவுதான். இல்லையென்று சொல்லமாட்டேன்.
ஆனாலும் ஒருவரும் மூக்கால் பேசவில்லை.
இறங்கிறம் என்று சொல்ல ஆளில்லாமல் இறங்குவது
வெறும் விழுதல்தான்.
என் குமிழிகளை நானே விட்டு
நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்கில்
முபாறிஸைக் கண்டேன். கிண்ணியாவில் ஐஸ் வியாபாரம்.
இரண்டு கண்ணிலும் மருந்து விட்டிருந்தார்கள்,
என்னைக் குரலில்தான் பிடித்தான்.
பக்கத்து வாங்கிலிருந்த தாதிப் பிள்ளைக்குக்
கையை விரித்துக் காட்டினான்:
“இவ்வளவு அகலம், பிள்ளை. கண்ணாடியில முட்டப் பாத்தது.
இவரும் சாட்சி.”

நான் சொல்லியிருக்கலாம்.
வரிசை நகர்ந்தது. அந்தத் தழும்பு,
சொறிந்த விதம், எல்லாம் வாய்வரை வந்தது.

“அம்பது பாகம் இருக்கும், என்ன?” என்றான்,
மங்கல் கண்ணை என் பக்கம் திருப்பி.

“அறுபது,” என்றேன்.